ஜூனில் முடியும் பந்தயம்: பாயின்ட்-டு-பாயின்ட் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கிராமங்களில் நடக்கும் பாயின்ட்-டு-பாயின்ட் எனும் அமெச்சூர் தடை தாண்டும் குதிரைப் பந்தயம் பற்றியும், அதன் சீசன் முடிவு பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே.

டிவியில் காட்டும் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் பந்தயம் மாதிரிதானா அண்ணா?

நெருங்கிய சொந்தம். ஆனால் இங்கே ஜாக்கி எல்லோருமே அமெச்சூர், சவாரிக்குக் கூலி கிடையாது. விவசாயி, லாடம் அடிப்பவர், கல்லூரி மாணவி என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் வார இறுதியில் குதிரை ஏறுகிறார்கள். பெரும்பாலும் மூன்று மைல் தூரம். பிர்ச் மரக் குச்சிகளை அடர்த்தியாகக் கட்டிய, நாலேகால் அடி அளவு உயரமுள்ள வேலிகளைப் பதினெட்டு தடவை போலத் தாண்ட வேண்டும். ஜெயித்தால் கிடைப்பது சில நூறு பவுண்டு. குதிரையின் தீவனச் செலவுக்கே அது காணாது.

எடை குறைவாக இருந்தால்தான் ஜாக்கி ஆக முடியுமாமே?

தடை இல்லாத சமதளப் பந்தயத்தில் அப்படி. இங்கே ஆண்கள் பந்தயத்தில் குதிரை சுமக்கும் எடை, சேணத்தோடு சேர்த்து, 76 கிலோவை ஒட்டி இருக்கும். உயரமான ஆளும் ஓட்டலாம். வயது 16 ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகப் போனி எனும் சிறு குதிரைகளில் பந்தயம் உண்டு.

நவம்பரில் தொடங்கி ஜூனிலேயே ஏன் நிறுத்துகிறார்கள்? கோடையில்தானே கூட்டம் வரும்?

எல்லாம் தரை செய்யும் வேலை. தடை தாண்டும் குதிரைக்கு ஈரத்தில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் புல்தரை வேண்டும். மே மாதம் வெயில் அடித்து மண் இறுகிவிட்டால், தாண்டிக் குதிக்கும்போது முழு அதிர்ச்சியும் முன்னங்கால் தசைநாண்களில் இறங்கும். தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்பார்கள். அப்போதும் பல உரிமையாளர்கள் குதிரையை வண்டியிலிருந்து இறக்கவே மாட்டார்கள். சில பந்தயங்களில் ஒரே ஒரு குதிரை மிஞ்சும். அது வேலி எதையும் தாண்டாமல் சும்மா நடந்து போய்ப் பரிசை வாங்கிக்கொள்ளும்! இன்னொன்று, பல மைதானங்கள் உண்மையில் யாரோ ஒருவருடைய பண்ணை நிலம். வைக்கோலுக்குப் புல் அறுக்கும் காலம் வந்துவிட்டால் அவருக்கு நிலம் திரும்ப வேண்டும்.

கடைசி நாள் திருவிழா மாதிரி இருக்கும் என்கிறார்களே, அப்படி என்ன நடக்கும்?

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் அம்பர்லே என்ற ஊரில், டாரிங்டன் ஃபார்மர்ஸ் வேட்டைக் குழு ஜூனில் நடத்தும் கூட்டத்தோடு சீசனை முடிப்பது நெடுநாள் வழக்கம். காரை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிப் போய் நிறுத்தி, டிக்கியைத் திறந்து சாப்பாட்டைப் பரப்பிவிடுவார்கள். சாண்ட்விச், குளிர்ந்த கோழி, ஸ்ட்ராபெரி, ஒயின். பிப்ரவரியில் சேற்றில் பூட்ஸ் புதைய நடுங்கிக்கொண்டு நின்ற அதே முகங்கள் இப்போது அரைக்கைச் சட்டையில்.

பந்தயத்தின் தரத்தைப் பார்த்தால் பிப்ரவரிதான் மேல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஜூனில் வேறொரு சுவாரசியம் உண்டு. ஜாக்கிகளின் சாம்பியன் பட்டம் வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். முன்னணியில் இருவர் நெருக்கமாக இருந்தால், இன்னும் ஒரே ஒரு சவாரி கிடைக்காதா என்று கடைசி வாரங்களில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கார் ஓட்டுவார்கள். ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஜாக்கி வைத்திருந்த வெற்றிச் சாதனையை முறியடித்த ஜாக்கி வில் பிட்டிக் என்பவரும் இந்த மேற்குப் பக்கத்துக்காரர்தான்.

திறமையான குதிரைகளுக்கு வேறு மேடை இருக்கிறது. வசந்தத்தில் செல்டன்ஹாம் எனும் பெரிய பந்தய மைதானத்தில் ஒரு மாலை முழுக்க வேட்டைக் குதிரைகளுக்கான பந்தயங்கள். அப்புறம் சீசன் முடிவை ஒட்டி ஸ்ட்ராட்ஃபோர்ட் மைதானத்தில் சாம்பியன் ஹண்டர்ஸ் சேஸ் என்ற அதே வகைப் பந்தயம்.

வேட்டைக் குழு என்றால் நரி வேட்டையா? இன்னும் நடக்கிறதா?

நாய்களை விட்டு நரி வேட்டையாடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி முதல் சட்டப்படி குற்றம். குழுக்கள் கலையவில்லை. முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தைப் பின்தொடர்வதாகச் சொல்கிறார்கள். அது வேட்டையை மறைக்கும் வெறும் திரை என்று குற்றம் சாட்டுபவர்களும் நிறைய. பாயின்ட்-டு-பாயின்ட்டைப் பெரும்பாலும் நடத்துவது இந்தக் குழுக்கள்தான், பந்தய நாள் அவற்றுக்கு முக்கியமான வருமானம். எனக்குப் பந்தயம் பிடிக்கும், வேட்டை பிடிக்காது. இரண்டையும் முழுசாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

பெண்கள் ஓட்டுகிறார்களா?

தாராளமாக. 1983-ல் செல்டன்ஹாமின் பெரிய பந்தயத் திருவிழாவில் ஜெயித்த முதல் பெண் ஜாக்கி கரோலின் பீஸ்லி. எலியோகார்ட்டி என்ற குதிரையில், ஃபாக்ஸ்ஹண்டர்ஸ் எனும் அமெச்சூர் பந்தயத்தில்.

அமெச்சூர் ஒருவர் கிராண்ட் நேஷனலையே ஜெயிக்க முடியுமா?

1982-ல் டிக் சாண்டர்ஸ் என்ற விவசாயி 48 வயதில் கிரிட்டார் குதிரையில் ஜெயித்தார். 2022-ல் சாம் வேலி-கோஹன் நோபிள் யேட்ஸில் ஜெயித்தார். அதுவே தன் கடைசிப் பந்தயம் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

ஊட்டி ரேஸும் இதே மாதிரிதானே?

இல்லை. அது தொழில்முறை ஜாக்கிகள் ஓட்டிய சமதளப் பந்தயம், வேலி கிடையாது.

சீசன் முடிந்ததும் குதிரைகள்?

லாடத்தைக் கழற்றிவிட்டு மேய்ச்சலுக்கு விடுவார்கள். ஆறேழு வாரத்தில் வயிறு பெருத்து, பந்தயக் குதிரை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோடை முடியும் தருவாயில் மறுபடி கொட்டிலுக்கு. முதலில் சாலையில் நடை, பிறகு மெல்ல ஓட்டம்.

குழந்தைகளோடு போகலாமா? பந்தயம் கட்டியே ஆக வேண்டுமா?

போகலாம், கட்டாயம் எதுவும் இல்லை. புக்கிகள் வரிசையாகப் பலகை வைத்து நிற்பார்கள். ஆசை இருந்தால் இரண்டு மூன்று பவுண்டு போதும். ஒரு சுற்றாவது ஏதேனும் வேலியின் பக்கத்தில், கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள். மழைக்கோட்டை மறக்காதீர்கள், டெவன் ஜூனை நம்ப முடியாது.