வாசகர் கேள்வி – பதில்: கதைகளில் வரும் மாற்றாந்தாய்

ஸ்னோ ஒயிட், சின்ட்ரெல்லா, ஹான்சல்–கிரெட்டல் என்று எந்த ஐரோப்பியத் தேவதைக் கதையை எடுத்தாலும் கொடுமைக்காரி மாற்றாந்தாயாகவே இருக்கிறாள். பெற்ற தாய் கொடுமை செய்ததாக ஒரு கதையும் இல்லையா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

இருந்தன, பிறகு மாற்றப்பட்டன. ஜெர்மனியின் யாக்கோப், வில்ஹெல்ம் என்னும் கிரிம் சகோதரர்கள் தாம் திரட்டிய கதைகளின் முதல் தொகுதியை 1812இல் வெளியிட்டபோது, ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்த அரசி அவளைப் பெற்றவளேதான். பனி பெய்யும் நாளில் சன்னலோரம் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தவள், ஊசி குத்திச் சிந்திய இரத்தத்தைப் பார்த்து, பனிபோல் வெண்மையும் இரத்தம்போல் சிவப்பும் கருங்காலிபோல் கருமையும் கொண்ட குழந்தை வேண்டுமென்று ஏங்குகிறாள். அப்படி ஏங்கிப் பெற்ற மகளுக்கு ஏழு வயதாகும்போது, அவளுடைய அழகைப் பொறுக்கமாட்டாமல் வேடனிடம் ஒப்படைத்து, நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவரச் சொல்கிறாள். வேடன் கொண்டுவந்து தந்தது காட்டுப்பன்றியினுடையது என்று அறியாமல், உப்பிட்டு வேகவைத்துத் தின்றும் விடுகிறாள்.

1819இல் வந்த இரண்டாம் பதிப்பில், குழந்தை பிறந்ததும் அரசி இறந்துபோனாள், ஓராண்டு கழித்து மன்னன் வேறொருத்தியை மணந்தான் என்ற செய்தி புதிதாகச் சேர்ந்தது. மூச்சுத் திணற இறுக்கிய நாடாவும் நஞ்சு தோய்ந்த சீப்பும் ஆப்பிளும் அப்படியே இருக்க, செய்தவள் மட்டும் வேறு பெண்ணாகிவிட்டாள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவர யோசனை சொன்னவளும் 1812இல் தாய்தான்; 1840இல் வந்த நான்காம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள்.

பேறுகாலத்தில் தாய்மார் இறப்பதும், தந்தை விரைவில் மறுமணம் செய்துகொள்வதும், இரண்டு தாரத்துப் பிள்ளைகள் ஒரே சொத்துக்கும் ஒரே சட்டிச் சோற்றுக்கும் போட்டியிடுவதும் அக்கால ஐரோப்பாவில் அன்றாட நிகழ்வுகளாக இருந்தன. ஆகவே மாற்றாந்தாய் கதைகளுக்குள் வந்ததில் வியப்பில்லை. ஆனால், ஏற்கெனவே கதையில் இருந்த பெற்ற தாயை ஏன் அகற்ற வேண்டும் என்பதற்கு அது விடையாகாது. தொகுப்பு, குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டும் நூலாக மாறியபோது, பிற்காலப் பதிப்புகளைப் பெரும்பாலும் செப்பனிட்ட வில்ஹெல்ம், தாய் என்ற இடத்தில் கறை படியக் கூடாது என்று கருதியிருக்கிறார் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே. தாயைக் காப்பாற்றுவதற்காக, கதையில் தனக்கென்று பெயர்கூட இல்லாத ஒருத்தியின் தலையில் பழி ஏற்றப்பட்டது.

இந்தக் கதைகளில் அப்பாக்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?
– வாசகர் ஒருவர், சேலம்

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. ஸ்னோ ஒயிட்டின் தந்தை மறுமணம் செய்துகொள்ளும் வரியோடு கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார். மகள் காணாமற்போனதை அவர் கவனித்தாரா என்றுகூடக் கதை சொல்வதில்லை.

ஹான்சல்–கிரெட்டல் கதையின் மரவெட்டியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுவோம் என்று மனைவி சொன்னதும் மனம் கலங்கும் அவர், கடைசியில் இணங்கிவிடுகிறார். பிள்ளைகள் காட்டில் நெருப்பருகே அமர்ந்து, தூரத்தில் கேட்கும் ஓசையை அப்பாவின் கோடரிச் சத்தம் என்று நம்பி, அவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்ற தைரியத்தில் உறங்கிப்போகிறார்கள். உண்மையில் அது, பட்டமரம் ஒன்றில் அவர் கட்டிவிட்டுப் போயிருந்த கிளை காற்றில் மோதி எழுப்பிய ஓசை. யோசனை மனைவியுடையது என்றாலும் அந்தக் கிளையைக் கட்டிய கை தந்தையுடையது. ஆனாலும் முடிவில் பிள்ளைகள் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். மனைவியோ அதற்குள் இறந்துவிட்டிருக்கிறாள்.

கிரிம் சகோதரர்களின் சின்ட்ரெல்லாவிலும் தந்தை உயிரோடு வீட்டிலேயே இருக்கிறார். வேறு மகள் உண்டா என்று இளவரசன் கேட்கும்போது, இறந்துபோன மனைவியின் வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் மணமகளாக இருக்க முடியாது என்று பதில் சொல்பவர் அவரே. மாற்றாந்தாய் சொன்ன எந்தச் சுடுசொல்லையும் விட இது எனக்குக் கொடியதாகப் படுகிறது.

சின்ட்ரெல்லா தொடக்கத்திலிருந்தே பொறுமையின் வடிவமாகத்தான் இருந்தாளா?
– கல்லூரி மாணவி ஒருவர், மதுரை

இல்லை. நாம் அறிந்த கண்ணாடிக் காலணியும், கொடுமை செய்த சகோதரிகளை மன்னித்து அரசவைப் பிரபுக்களுக்கு மணமுடித்து வைக்கும் பெருந்தன்மையும் பிரான்சின் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட நூலில் உள்ளவை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டார மொழியில் ஜாம்பத்திஸ்தா பசீலே எழுதிய கதையில், செசொல்லா என்ற பெண் தன் மாற்றாந்தாயைக் கொன்றே விடுகிறாள். பெட்டிக்குள் துணி தேடக் குனிந்தவளின் கழுத்தில் மூடியைப் போட்டு முறிக்கிறாள். அவளைத் தூண்டிவிட்ட ஆசிரியை, திட்டமிட்டபடியே தந்தையை மணந்து, அதுவரை மறைத்து வைத்திருந்த தன் ஆறு மகள்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, செசொல்லாவை அடுப்படிக்கு அனுப்புகிறாள். கொலை செய்த பெண் தண்டனை ஏதுமின்றிக் கடைசியில் அரசியாகிறாள். அடுத்து வந்தவர்கள் அந்தக் கொலையை நீக்கிய பிறகுதான், ஒரு பக்கம் மாசற்ற பெண், மறுபக்கம் முழுக் கொடுமைக்காரி என்ற பிரிவு இவ்வளவு துலக்கமாயிற்று.

கைகேயியையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?
– வாசகர் ஒருவர், யாழ்ப்பாணம்

சேர்க்கக் கூடாது என்பேன். முடிசூட்டுச் செய்தியை மந்தரை கொண்டுவரும்போது, இராமனைத் தானே பெற்றவள்போல் பேசி மகிழும் கைகேயியைக் கம்பர் காட்டுகிறார். அவள் மனம் திரியும் வழி நம் கண்ணெதிரே நடக்கிறது. தசரதனும் கதையை விட்டு ஓடுவதில்லை. தான் கொடுத்த வரத்தின் சுமையைத் தாங்க மாட்டாமல் உயிர் விடுகிறான். தேவதைக் கதை இந்த இரண்டையும் செய்வதில்லை.

திரைப்படங்கள் இந்தப் பாத்திரத்தை மேலும் கெடுத்தனவா, திருத்தினவா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

இரண்டும் நடந்தன. 1937இல் வால்ட் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படம், தந்தையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மாற்றாந்தாய் அரசியோடு தொடங்கிவிடுகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளோடு சாகும்வரை ஆட வைக்கும் கிரிம் முடிவை நீக்கி, அவளைப் பாறையிலிருந்து விழச் செய்தார்கள். 1950இல் வந்த சின்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் சீமாட்டி டிரெமைனுக்கு மந்திரம் எதுவும் தெரியாது. அறைக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதும், காலணி ஏந்தி வரும் பணியாளனைக் கைத்தடியால் இடறி விழச் செய்வதும்தான் அவளுடைய ஆயுதங்கள். எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை என்பதால்தான் சூனியக்காரியை விட அவள் நம்மை அச்சுறுத்துகிறாள்.

2015இல் கென்னத் பிரானா இயக்கிய சின்ட்ரெல்லாவில், கேட் பிளான்செட் ஏற்ற அந்தப் பாத்திரம், முதல் கணவனைக் காதலித்து மணந்ததையும், அவனை இழந்த பின் மகள்களுக்காக இரண்டாம் மணம் புரிந்ததையும் தன் வாயாலேயே சொல்கிறது. அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 1950இலும் 2015இலும் படத்தின் முற்பகுதியிலேயே தந்தை இறந்துவிடுகிறார். மகள் அடுப்படியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கதையின் தந்தையைத் திரையில் காட்டும் துணிவு அந்த இரண்டு படங்களுக்கும் வரவில்லை.

மனைவியை இழந்த ஒருவரை மணந்து, அவருடைய ஆறு வயது மகளை வளர்த்து வருகிறேன். பள்ளியில் சின்ட்ரெல்லா கதை கேட்டுவிட்டு வந்தவள், "சித்தின்னா கெட்டவங்களா?" என்று என்னிடமே கேட்டாள். இத்தகைய கதைகளை வீட்டில் தவிர்த்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

தவிர்க்க வேண்டாம், அம்மா. உங்களைக் கெட்டவர் என்று அவள் நினைத்திருந்தால் அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டிருக்க மாட்டாள். நீங்கள் மறைத்தாலும் கதை பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் அவளைத் தேடி வரும். அதை உங்கள் மடியில் இருந்து கேட்பது நல்லது. உளவியல் அறிஞர் புரூனோ பெட்டல்ஹைம், 1976இல் வெளியிட்ட நூலில், தாய்மீது எழும் கோபத்தைக் குற்றவுணர்வில்லாமல் வெளியேற்றக் கதையின் மாற்றாந்தாய் குழந்தைகளுக்கு உதவுகிறாள் என்று வாதிட்டார். பெற்ற தாயிடம் வளரும் குழந்தைக்கு அது பொருந்தலாம். உங்கள் மகளுக்கு அந்தப் பாத்திரமும் வீட்டில் இருக்கும் நீங்களும் ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதால், அவருடைய வாதத்தை இங்கே முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை.

பெரோவின் கதைக்குப் பதிலாகக் கிரிம் சகோதரர்களின் கதையைச் சொல்லுங்கள் என்பது என் யோசனை. அதில் தந்தை ஊரிலிருந்து திரும்பும்போது தொப்பியில் இடித்த ஹேசல் மரக்கிளையை மகளுக்குக் கொண்டுவந்து தருகிறார். அவள் அதை அம்மாவின் கல்லறையில் நட்டு, கண்ணீரால் நனைத்து மரமாக்குகிறாள். நடனத்துக்கு உடை தருவதும் அந்த மரத்துப் பறவைதான். இறந்துபோன அம்மாவைப் பற்றிப் பேச உங்கள் மகளுக்கு அந்த இடத்தில் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அம்மா எப்படி இருந்தாள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர் என்பதால், கதை சொல்லும்போது அவரையும் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள். சகோதரிகள் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தையும், புறாக்கள் அவர்களுடைய கண்ணைக் கொத்தும் இடத்தையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.