அம்மம்மாவின் கூறையைத் தோய்க்கலாமா?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மம்மாவின் கூறைச் சேலையும் அவர் கையால் பூவேலை செய்த சட்டையும் ட்றங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. சரிகை கறுத்துவிட்டது, மடிப்பு வழியே பட்டு வெடிக்கிறது. தை மாதம் மகளின் கலியாணம். தோய்த்து உடுக்கலாமா, இல்லை நூதனசாலைக்குக் கொடுப்பதா?"

தோய்க்க வேண்டாம். ட்ரை கிளீனிங்கும் வேண்டாம், உடுக்கவும் வேண்டாம். மடிப்பில் வெடித்த பட்டு கொய்யகத்தை இழுத்துச் செருகும்போதே கிழிந்துவிடும். பழைய கூறைகளில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்தவை உண்டு, தண்ணீர் பட்டால் இரண்டு நூலும் ஒரே மாதிரி உப்பிச் சுருங்காது. அதோடு சிவப்புச் சாயம் இளகிப் பக்கத்து நிறத்தில் ஏறிவிட்டால் யாராலும் அதைச் சரியாகத் திருப்பி எடுக்க முடியாது.

சரிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பாழாவது அங்கேதான். ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பட்டு நூலைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய தட்டையான வெள்ளித் தகடு சுற்றியிருக்கும், அதன்மேல் தங்க முலாம். காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்ததால்தான் கறுத்திருக்கிறது, பச்சை படிந்திருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது என்று அர்த்தம். புளி, தேசிக்காய், பற்பொடி, வெள்ளி துலக்கும் திரவம் எதுவும் கிட்டப் போகக்கூடாது. அந்த முலாம் அவ்வளவு மெல்லியது, கறுப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். தேய்த்தால் தகடு அறுந்து உள்நூல் வெளியே தெரியும். கறுத்த சரிகை அசிங்கமில்லை, அது வயது. அப்படியே விடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. காற்று வீசாத வெளிச்சமான அறையில், ஒரு வெள்ளைத் துணி விரித்து, கழுவி நன்றாக உலர்ந்த கையோடு சேலையை எடுங்கள், மோதிரமும் காப்பும் கழற்றிவிட்டு. சிறு புழுக்கள், அவை உரித்த தோல், ஓட்டை தெரிந்தால் பட்டுத் துணியை உண்ணும் வண்டுப் புழுவாக இருக்கலாம், கஞ்சி போட்ட பருத்தி என்றால் ராமபாணப் பூச்சி. அப்படியானால் பொலித்தீன் பைக்குள் காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக்கமாக மூடி பிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள், வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது, ஈரம் பையின் வெளியே மட்டும் படியட்டும். துணியில் நப்தலீன் உருண்டை படக்கூடாது. வேப்பிலையையும் துணிக்குள் வைக்காதீர்கள், மாரியில் அது ஈரம் பிடித்துக் கறையாகும்.

சேலையை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். துணிக்கடையில் கேட்டால் தடித்த கடதாசிக் குழாய் தருவார்கள், அதை அலுமினியத் தாளால் மூடி, அதன்மேல் நீலமும் கஞ்சியும் போடாமல் பலமுறை தோய்த்த பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றி, சரிகைப் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, மேலே இன்னொரு பருத்தித் துணி. சட்டையைச் சுருட்ட முடியாது, அதைத் தட்டையாக வைத்துக் கைகளுக்குள்ளும் மடிப்பு விழும் இடங்களிலும் அதே மாதிரித் துணியைத் திரட்டி வையுங்கள். பொலித்தீன் பையில் நிரந்தரமாக அடைக்கக் கூடாது. நல்ல நாளில் அலுமாரியைத் திறந்து வையுங்கள், ஆனால் சேலையை வெயிலில் காய விடாதீர்கள்: நூதனசாலைகளில் பழைய துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சம்தான் விடுவார்கள், அதையும் சில மாதம்தான், ஏனென்றால் வெளிச்சம் தின்றது திரும்பி வராது.

கலியாணத்துக்கு என்ன செய்வது? கரையையும் தலைப்பையும் தெளிவாகப் படமெடுத்து அதே வேலைப்பாட்டில் புதிதாக நெய்யச் சொல்லுங்கள். பழையதை மணவறைப் பக்கமாக ஒரு மேசையில் விரித்து வைக்கலாம், குங்குமமும் பன்னீரும் தெறிக்காத தூரத்தில்.

கொடுப்பதென்றால் முதலில் யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலைக்குப் போய், துணிகளை இருட்டில் பாதுகாக்க இடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் அலுமாரியே மேல். எங்கே கொடுத்தாலும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது ஒரு தாள்: யார் உடுத்தது, எந்த வருடம், எந்த ஊரில் கலியாணம், யார் தைத்த சட்டை, கலியாணப் படம் இருந்தால் அதன் பிரதி. இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். கையளிக்கும்போது பொருளின் படத்தோடு கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.