ரீல் வயர் சுடுகிறது, அடுப்பு மந்தமாகிறது: கணக்கில் எது விடுபட்டது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தீபாவளி ஆர்டருக்காக வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் 2,000 வாட் கேக் அடுப்பு வைத்திருக்கிறேன். 40 மீட்டர் ரீல் வயரில்தான் கரண்ட் எடுக்கிறேன். அடுப்பு சூடேற நேரமாகிறது. ரீலோ கை வைக்க முடியாமல் சுடுகிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் மகன் ஓம் விதியைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்கிறான். பிறகு ஏன் இப்படி?"

முதலில் அந்த ரீலின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அம்மா. கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

மகன் போட்டது சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. நம் மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 2,000 ÷ 230, ஏறக்குறைய 8.7 ஆம்பியர். ஓம் விதிப்படி வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் அடுப்பின் மின்தடை, சுமார் 26.5 ஓம். பிளக் 13 ஆம்பியர் தாங்கும். இதோடு நிறுத்தினால் குறை எதுவும் தெரியாது.

விட்டுப்போனது வயர். பாடப்புத்தகப் படத்தில் வயர் வெறும் கோடு. நிஜத்தில் செம்புக்கும் தடை உண்டு. உங்கள் ரீலில் இருப்பது 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள மெல்லிய கம்பி என்று வைத்துக்கொள்வோம். அதன் தடை ஆயிரம் மீட்டருக்கு 26 ஓம். கரண்ட் அடுப்புக்குப் போய்த் திரும்பியும் வர வேண்டும் என்பதால் நீளம் 40 அல்ல, 80 மீட்டர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 80 மீட்டருக்குச் சுமார் 2.1 ஓம்.

வயரும் அடுப்பும் தொடர் இணைப்பில் இருப்பதால் இரண்டு தடைகளையும் கூட்டுங்கள்: 28.6 ஓம். 230-ஐ இதால் வகுத்தால் 8 ஆம்பியர். வயரில் மட்டும் 8 × 2.1, அதாவது 17 வோல்ட் போய்விடுகிறது. அடுப்புக்கு மிஞ்சுவது 213 வோல்ட். 2,000 வாட் அடுப்பு 1,700 வாட்டில்தான் வேலை செய்கிறது. மந்தத்துக்குக் காரணம் இதுதான்.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, தடையாலும் பெருக்குங்கள்: 8 × 8 × 2.1, சுமார் 134 வாட். நீட்டி விரித்த வயரில் இந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்த ரீலில் போக வழியில்லை. நாளடைவில் உறை உருகி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம். 0.75 வயரை 6 ஆம்பியருக்குத்தான் நம்பலாம். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸோ 8 ஆம்பியரைப் பார்த்து அசையாது.

அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் தடை 0.6 ஓம், இழப்பு 5 வோல்ட்தான். அடுப்பு 1,900 வாட்டுக்கு மேல் தரும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்தக் கணக்கு அடுப்பு, கெத்தல் போன்ற சூடேற்றும் சாமான்களுக்கு ஒத்துவரும். கிரைண்டர், தண்ணீர் பம்ப் போன்ற மோட்டார்கள் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அங்கே இது போதாது.

எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிட்டு, கொட்டகைக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் இணைப்பும், மின்கசிவில் தானே துண்டிக்கும் சுவிட்சும் இருக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை அடுப்பு சமையலறைச் சுவர் பிளக்கிலேயே நேராக இருக்கட்டும்.