தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இசை கற்றுத்தர ஆசிரியருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. ஈரோடு மாவட்டத்தில் கொடுமுடிக்கும் சிவகிரிக்கும் இடையில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் பதினெட்டு வருடமாக ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார்? 2012-இல் ஓவியம், இசை, உடற்கல்விக்கெல்லாம் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். நம் பிள்ளைகளுக்கு நாம்தான்.

ஆனால் தமிழ்ப் பாடம் நடத்துகிறவருக்குத் தாளம் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம் அல்லவா? அதைத் தட்டிக் காட்டினால் தாளம்.

எனக்கு இது பஸ்ஸில் பிடிபட்டது. கண்டக்டர் படியில் நின்று "கொடுமுடி கொடுமுடி கொடுமுடி" என்று கூவிக்கொண்டிருந்தார். நான்கும் குறில், மிருதங்கக்காரர்கள் நான்கு எண்ணிக்கைக்குச் சொல்லும் 'தகதிமி'யேதான். மறுநாள் வகுப்பில் ஒரு பையனைக் கண்டக்டர் ஆக்கி, மற்றவர்களை மேசையில் விரலால் தட்டச் சொன்னேன். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு, குறிலோடு மெய்யெழுத்து ஒட்டி நின்றால் இரண்டும் சேர்த்து இரண்டு. 'பழனி' மூன்று. 'கொடுமுடி' நான்கு. 'ஈரோடு' ஐந்து. 'தாராபுரம்' ஏழு. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் திகைத்தேன். திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம் என்று சங்கீதக்காரர்கள் சொல்லும் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு வரிசையாக வந்து நிற்கின்றன. மிச்சம் சங்கீரணம், ஒன்பது. அதற்கு ஊர் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

சத்தியமங்கலம்!

மற்ற ஊர்களை எளிதாகப் பிடித்த பிள்ளைகள் இதில் தடுமாறினார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன். அவன் அப்பா கோயில் நோன்புகளில் துடும்பு மேளம் அடிக்கிறவர். பையன் எந்தப் பாடத்திலும் வாயைத் திறக்க மாட்டான். அப்பாவின் தொழிலை யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் ஏன் குனிகிறான் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று அவன் உள்ளங்கையும் விரல்நுனியுமாக மேசையில் அடித்தான். 'சத்'தில் ஓர் அழுத்தம், 'மங்'கில் இன்னோர் அழுத்தம், நடுவில் விரல்கள் மட்டும். 'சத்திய' நான்கு, 'மங்கலம்' ஐந்து. ஒன்பதை நான்கும் ஐந்துமாகப் பிரிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. "இன்னொரு தடவை அடி கண்ணு" என்றேன். அடுத்த வாரம் முழுவதும் வகுப்புக்கு அவன்தான் வாத்தியார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன்.

தாளத்துக்குச் செலவு கிடையாது. தேங்காய்த் தொட்டி இரண்டு, புளியங்கொட்டை போட்ட டப்பா ஒன்று போதும்.

பாட்டில்தான் நான் பெரிய தவறு செய்தேன். என் குரல் கனத்த குரல், சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. நான் பாடுவதைக் கேட்டு இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அடித்தொண்டையில் உறுமுவார்கள். சுருதி சேராத ஒரு பெண் குழந்தையிடம், சுதந்திர தின விழாவுக்கு முன், "நீ வாயை மட்டும் அசை, சாமி" என்று சொல்லிவிட்டேன். அவளும் விழா முடியும்வரை ஒழுங்காக அசைத்தாள். பிறகு ஒரு நாள் கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை இறக்கி, ஐந்தரைக் கட்டையில் வைத்து, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியை முதலில் பாடச் சொன்னேன். உறுமல் நின்றுவிட்டது. வாயசைத்தவளும் பாடினாள், பெரிய பிசிறில்லாமல். ஆண் ஆசிரியர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். நம் குரல் குழந்தைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம், கீழே இருக்கிறது. நாம் பாடிக்காட்டுவதைவிட ஒரு குழந்தை பாடிக்காட்டுவது நல்லது.

(கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தது இதே கொடுமுடியில்தான். 'கே'யே கொடுமுடிதான். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையின் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. எங்கள் ஊர்க் குழந்தைகள் உச்சத்தில் பாடத் தயங்குவதைப் பார்த்தால் எனக்கு இந்த நினைப்பு வந்துவிடும்.)

ச ரி க ம-வை எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் முறையில், முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். அதில் ச-வும் ரி-யும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஆறு வயதுக் காதுக்கு அந்த இடைவெளி கடினம் என்பது என் அனுபவம். சங்கீத ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். நான் ச ரி க ப த, இந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன். மோகனம் என்று ராகத்தின் பெயர்கூடச் சொல்வதில்லை. கையை இடுப்பிலிருந்து தலைவரை உயர்த்திக் காட்டினால் குழந்தைகள் குரலை உயர்த்திவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் கும்மி. இங்கே மாலையானால் ஏதாவது ஒரு ஊரில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. கோவை மாவட்டத்து ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். எங்கள் பள்ளிக்கு ஆசான் வரவில்லை, ஒரு மாணவியின் அப்பத்தா வந்தார். வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, கால் வைப்பையும் கைத்தட்டையும் அரை மணி நேரத்தில் படியவைத்துவிட்டார். மூன்று மூன்றாக ஓடும் நடை. பிள்ளைகள் அதற்குப் 'பழனித் தட்டு' என்று அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். வட்டத்தில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உயர வரிசை என்று சொல்லி நிறுத்தினேன். துடும்புக்காரர் மகன் நடுவில் நின்று டப்பாவைத் தட்டினான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பக்கத்து அறையில் வாய்ப்பாடு நடந்தால் சண்டை வரும், அவர்களையும் மேசையில் தட்டச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பெயரை எழுதவில்லையே. கீழே எழுதுங்கள், எத்தனை தட்டு என்று திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.