வாசகர் கேள்வி – பதில்: மலைநாட்டு வானிலை

மழை, காற்று, வானிலை அறிக்கை ஆகியவை பற்றி மலையகத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கினை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: என் கைபேசியில் உள்ள, காற்றமுக்கத்தை அளக்கும் பாரமானி எந்நேரமும் 810 ஹெக்டோபாஸ்கல் அளவையே காட்டுகிறது. செய்தியில் வரும் வானிலைப் படத்திலோ இலங்கை முழுவதும் 1010 அளவில் இருக்கிறது. கருவி பழுதாகிவிட்டதா? (நுவரெலியா வாசகர்)

பதில்: பழுதில்லை, ஐயா. நீங்கள் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் வசிக்கிறீர்கள். அந்த உயரத்துக்குக் கீழே உள்ள காற்று உங்கள் தலைமேல் இல்லை என்பதைத்தான் கருவி சொல்கிறது. 1643ஆம் ஆண்டு இத்தாலியில் டொரிசெல்லி என்ற அறிஞர் இரசம் (பாதரசம்) நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து நிறுத்தியபோது, அது 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் நிறையே என்றால், மலைமீது ஏறினால் இரசம் இறங்க வேண்டுமல்லவா என்று பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞர் வாதிட்டார். தாம் பாரிசில் இருந்தமையால், பியூய் த டோம் என்ற மலைக்கு அருகில் வசித்த தம் அக்காளின் கணவர் பெரியேயிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். 1648 செப்டெம்பர் 19ஆம் திகதி பெரியே ஒரு குழாயை மலையுச்சிக்கு எடுத்துச் சென்றார். இன்னொன்றை அடிவாரத்து மடத்தில் வைத்து, அது நாள் முழுவதும் அசைகிறதா என்று பார்த்திருக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிச் சென்றார். கீழே இருந்தது அசையவில்லை; மேலே போனது சுமார் 8 சென்ரிமீற்றர் இறங்கியது. ஒப்பிடுவதற்கென்று கீழே ஒன்றை விட்டுச் சென்ற அந்த முன்யோசனையைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். அதே குழாயை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் இரசம் 61 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும். உங்கள் வீட்டில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிப்பதற்கும், பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.

வானிலைப் படம் வரைவோர் எல்லா நிலையங்களின் அளவுகளையும் கடல்மட்டத்துக்குச் சமமாகக் கணக்கிட்டு மாற்றிய பின்னரே படத்தில் இடுகின்றனர். கடல்மட்டத்தில் இதுவரை அளக்கப்பட்ட மிகக் குறைந்த அமுக்கம், 1979இல் பசிபிக் சமுத்திரத்தில் வீசிய டிப் சூறாவளியின் நடுவில் பதிவான 870 ஆகும். அந்தக் கணக்கைச் செய்யாவிட்டால், நுவரெலியா ஆண்டு முழுவதும் அதைவிடக் கொடிய புயலின் கண்ணாகவே படத்தில் தெரியும்.

கேள்வி: ஜூலை மாதத்தில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் வெயிலே காணாமல் மழை கொட்டுகிறது. அதே நாட்களில் எங்கள் பக்கத்தில் சருகு பறக்கும் காய்ந்த காற்று வீசுகிறதே, ஏன்? (பண்டாரவளை வாசகி)

பதில்: தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி மழையாகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது இதனால்தான். நீராவி ஒடுங்கும்போது தன்னுள் இருந்த மறைவெப்பத்தை வெளிவிடுவதால், மேகமாகிவிட்ட காற்று ஆயிரம் மீற்றர் ஏறினாலும் ஐந்து, ஆறு பாகை மட்டுமே குளிர்கிறது. மழையை இழந்து மலையைத் தாண்டி உங்கள் ஊவாப் பக்கம் இறங்கும் காற்றோ காய்ந்த காற்று. அது ஆயிரம் மீற்றர் இறங்கினால் பத்துப் பாகை சூடாகும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம் என்பதே கணக்கு.

இதே வகைக் காற்று அல்ப்ஸ் மலைகளின் வடபுறத்தில் வீசியபோது, அது ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து வருகிறது என்று அங்குள்ள அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பினர். பாலைவனமே அருகில் இல்லாத கிரீன்லாந்திலும் அவ்வாறான காற்று வீசுவதை எடுத்துக்காட்டி, 1866ஆம் ஆண்டு மேற்கண்ட விளக்கத்தைத் தந்தவர் ஒஸ்திரியரான யூலியஸ் ஹான். நம் கிழக்கிலங்கையில் இதற்குக் கச்சான் காற்று என்று பெயர். (கச்சான் கடலைக்கும் இக்காற்றுக்கும் உள்ள உறவை விளக்கும்படி அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்.) ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாக் கொழுந்துக்குத் தனி மணமும் நல்ல விலையும் கிடைப்பது, இந்த வறண்ட காற்றில் செடி மெதுவாக வளர்வதால்தான்.

கேள்வி: ‘மத்திய மாகாணத்தில் பல தடவைகள் மழை பெய்யும்’ என்று வானொலி சொன்ன நாளில் எங்கள் தோட்டத்தில் ஒரு துளிகூட விழவில்லை, ‘சீரான வானிலை’ என்ற நாளில் நனைந்து வந்தோம். விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் ஏன் இப்படி? (தலவாக்கலை வாசகர்)

பதில்: தந்தி வருவதற்கு முன்னர், புயலைப் பற்றிய கடிதம் புயல் போன பின்னரே வந்து சேரும். தந்தி வந்த பிறகுதான் பல ஊர்களின் அவதானங்களை ஒரே நேரத்தில் ஒரே மேசையில் சேர்க்க முடிந்தது. 1859இல் ரோயல் சார்ட்டர் என்ற கப்பல் பிரித்தானியக் கரையோரத்தில் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக முன்னர் இருந்த ஃபிட்ஸ்ரோய், அதன்பின் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார்; 1861இல் நாளிதழில் அன்றாட முன்னறிவிப்பையும் வெளியிட்டார். அது பெரும்பாலும் அனுபவத்தால் சொல்லப்பட்டதே. தவறியபோதெல்லாம், இன்று நீங்கள் கேட்பதையே அன்றும் கேட்டனர்.

காற்றின் இயக்கம் பௌதிக விதிகளுக்கு உட்பட்டது என்பதால், இன்றைய நிலையைச் சரியாக அறிந்தால் நாளைய நிலையைச் சமன்பாடுகளால் கணிக்கலாம் என்று 1904இல் நோர்வே அறிஞர் பியர்க்னெஸ் எழுதினார். அதைச் செய்து பார்க்கத் துணிந்தவர் ஆங்கிலேயரான ரிச்சர்ட்சன். முதலாம் உலகப் போரில் பிரான்சில் காயப்பட்டோரை ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் திகதிக்குரிய பழைய அளவுகளை வைத்து, ஆறு மணித்தியால மாற்றத்தைக் கையால் கணக்கிட்டார். அமுக்கம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அது ஏறக்குறைய மாறவேயில்லை. அந்தப் படுதோல்வியை மறைக்காமல் 1922இல் நூலாகவே அச்சிட்டார். உலக வானிலையைக் கணிக்க 64,000 பேர் ஒரு மண்டபத்தில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்றும் அதில் கற்பனை செய்தார். அவரது முறை தவறன்று, எடுத்துக்கொண்ட ஆரம்ப அளவுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி சமப்படுத்தாமல் விட்டதே கோளாறு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1950இல் எனியாக் என்ற கணினி 24 மணித்தியால முன்னறிவிப்பைக் கணிக்கக் கிட்டத்தட்ட 24 மணித்தியாலம் எடுத்தது. நாளை வருவதற்குள் நாளைய வானிலை ஒருவாறு தெரிந்தது. 1960இல் முதலாவது வானிலைச் செய்மதி விண்ணுக்குச் சென்றதும், மனிதர் இல்லாத கடல்களின் மேலும் மேகங்களைப் பார்க்க முடிந்தது.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். உலகம் முழுவதையும் கணிக்கும் கணினி மாதிரிகளுள் நுணுக்கமானவை பலவும் நிலத்தை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்துக்கு ஒரே உயரம், ஒரே மழை என்று கொள்கின்றன. தலவாக்கலையைச் சுற்றி அத்தகைய ஒரு சதுரத்துக்குள் எத்தனை மலைகளும் பள்ளங்களும் அடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். பருவக்காற்றுக் காலத்து மழை பரந்து பெய்வதால் அதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடியோடு வரும் மழையோ ஒரு மலையை நனைத்து அடுத்த மலையை விட்டுவிடும். அதற்கும் மேலாக, ஆரம்ப அளவில் உள்ள மிகச் சிறு பிழைகூட நாளடைவில் பெருகிக் கணிப்பையே வேறாக்கிவிடும் என்பதை 1963இல் அமெரிக்க வானிலை அறிஞர் லோரன்ஸ் காட்டினார். எனவே ‘மத்திய மாகாணத்தில்’ என்று வானொலி சொன்னால் மாகாணத்தில் எங்கோ என்று கொள்ளுங்கள். உங்கள் வாசலில் என்று கொள்ளாதீர்கள். அறிவிப்பவர்களும் அதை இன்னும் தெளிவாகச் சொன்னால் நன்று.

கேள்வி: தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தா, நாள்தோறும் மழையை அங்குலத்தில் எழுதிவந்த கொப்பிகள் வீட்டில் உள்ளன. பழைய தாள்களோடு போட்டுவிடலாமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். மேலே தலவாக்கலை வாசகர் குறைப்பட்ட அந்தச் சதுரத்துக்குள் உண்மையில் எவ்வளவு மழை பெய்தது என்பதைச் சொல்ல இத்தகைய கொப்பிகளே உள்ளன. நம் பஞ்சாங்கம் ஆண்டு மழையை மரக்காலில் முன்கூட்டியே சொல்லிவிடும். பெய்த பின் அளப்பது வேறு வேலை. பாத்திரம் வைத்து மழையளக்கும் வழக்கத்தை அர்த்தசாஸ்திரமே குறிப்பிடுகிறது. 1441–42இல் கொரியாவில் ஒரே அளவான மழைமானிகளை ஊர்தோறும் வைக்கத் தொடங்கினர். கொழும்பு அவதான நிலையம் 1907இல்தான் அமைந்தது.

இப்பதிவுகளுக்கு இன்றும் நேரடிப் பயன் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் மண்சரிவு குறித்து விழிப்பாயிருக்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. ஒரு சரிவில் அந்த அளவு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெய்கிறது என்பதைப் பல்லாண்டுப் பதிவு இருந்தால்தான் கணக்கிட முடியும்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர் வரும். ஆனால் தாத்தா எழுதிய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். மழைமானி எங்கே இருந்தது, காலையில் எத்தனை மணிக்கு அளந்தார், இடையில் இடம் மாற்றப்பட்டதா என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முதற்பக்கத்தில் குறியுங்கள். பின்னர் ஒரு பிரதியை வளிமண்டலவியல் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியற்றுறைக்கோ காட்டலாம். மழை பெய்யாத நாளுக்கு 0 என்றும், அளக்காமல் விட்ட நாளுக்குக் கோடு மட்டும் இட்டும் பிரதி எடுங்கள்; இரண்டும் ஒன்றல்ல.