பெயர் போடாத டீபக் பின்களைக் கண்டுபிடிப்பது: கேள்வி பதில்

கையடக்க கேம் மெஷினைத் திறந்து மாற்றியமைக்க ஆசைப்படும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பிள்ளைகள் கேட்டவை இவை. டவுனில் ஹேண்ட்போன் ரிப்பேர் செய்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். டீபக் பின் என்றால், போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வயர் மாட்டும் புள்ளி.

குமரன்: அண்ணே, போர்டில் பேட்டரி பக்கத்தில் எழுத்தே இல்லாமல் நாலு புள்ளி வரிசையாக இருக்கு. என்னது அது?

பெரும்பாலும் யூஆர்ட்தான் தம்பி, போர்டு கம்ப்யூட்டரோடு எழுத்தாகப் பேசும் வழி. கிரவுண்ட், கரண்ட், எழுத்தை அனுப்பும் டிஎக்ஸ், வாங்கும் ஆர்எக்ஸ். தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்க வைப்பது. முதலில் பேட்டரியைக் கழற்று. மல்டிமீட்டரை பீப் சத்தத்துக்கு மாற்றி, ஒரு முனையை யூஎஸ்பியின் உலோகக் கூட்டில் வைத்துக்கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடு. பீப் அடிப்பது கிரவுண்ட். பிறகு பேட்டரியை மாட்டி, டிசி வோல்ட்டில் மற்ற மூன்றையும் அளந்து பார்.

டிஎக்ஸைப் பிடிக்க, மெஷின் ஆன் ஆகும் அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். சும்மா இருக்கும்போது பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் நிற்கும். பூட் ஆகும்போது எழுத்துகள் ஓடுவதால் மீட்டரில் எண் இறங்கித் தள்ளாடும், முடிந்ததும் பழையபடி ஏறி நிற்கும். கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காதே. சந்தேகம் இருந்தால் மறுபடி ஆஃப் செய்து ஆன் செய். தள்ளாடாத இரண்டில், கடைசிவரை இம்மியும் அசையாமல் உறுதியாக நிற்பது பெரும்பாலும் கரண்ட், மிச்சம் ஆர்எக்ஸ்.

கவிதா: போர்டை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி அடாப்டரில் 5, 3.3 வோல்ட் என்று மாற்ற ஜம்பர் இருக்கு அண்ணே. எதில் வைக்கிறது?

நீ அளந்த வோல்ட்டில், தங்கச்சி. 5-இல் வைத்தால் சிப் போய்விடும். மீட்டர் 1.8 காட்டினால் 3.3-உம் ஆகாது, 1.8-க்கான அடாப்டரே வேண்டும். கரண்ட் வயரை மாட்டவே வேண்டாம். கிரவுண்டுக்குக் கிரவுண்ட், டிஎக்ஸுக்கு ஆர்எக்ஸ், ஆர்எக்ஸுக்கு டிஎக்ஸ். மூன்று வயர் போதும். சாயங்கால இடிமழையில் நம் பக்கம் கரண்ட் துள்ளும், அதனால் லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு வேலை செய்.

முருகையா: மாட்டிட்டேன், ஆனா கண்டபடி கிறுக்கலா எழுத்து வருது.

லேப்டாப்பில் வைத்த வேகம் போர்டின் வேகத்தோடு பொருந்தவில்லை. முதலில் 115200 (விநாடிக்கு இத்தனை பிட்) வைத்துப் பாருங்கள். ராக்சிப் கம்பெனியின் சிப் என்றால் பல போர்டுகளில் 1500000. சிபி2102 சிப் உள்ள அடாப்டர் 1000000-க்கு மேல் போகாது, சிஎச்340 சிப் உள்ளது இரண்டு மில்லியன் வரை தாங்கும். துடிப்புகளை அளந்து காட்டும் லாஜிக் அனலைசர் இருந்தால் ஊகமே தேவையில்லை. ஆகக் குறுகிய துடிப்பு 8.68 மைக்ரோ விநாடி என்றால் வேகம் 115200.

பிரகாஷ்: என் போர்டில் ஆறு புள்ளி அண்ணே. ஜேடேக்கா?

இருக்கலாம். ஜேடேக் என்பது சிப்பை நேரடியாகச் சோதிக்கும் இன்னொரு வழி. அதன் டிசிகே, டிஎம்எஸ், டிடிஐ, டிடிஓ பின்கள் நான்கும் 1990-இல் வந்த ஐஇஇஇ 1149.1 தரத்தில் உள்ளவை. மீட்டரால் பிரிப்பது கஷ்டம். ஜோ கிராண்ட் உருவாக்கிய ஜேடேகுலேட்டர் என்ற கருவி 24 புள்ளிகள் வரை மாற்றி மாற்றிச் சோதித்துச் சொல்லும். ஆர்ம் வகை சிப்பில் ஜேடேக்குக்குப் பதிலாக எஸ்டபிள்யூடி என்ற வழி இருந்தால் டேட்டா, கிளாக் என்று இரண்டே வயர்.

கவிதா: சோல்டர் வைக்க பயமா இருக்கு.

ஃபிளக்ஸ் தடவி, முடி மாதிரி மெல்லிய வயரை எடு. இரும்பை ஒரு நொடிக்கு மேல் வைக்காதே. ஒட்டியதும் வயரை போர்டில் டேப்பால் இறுக்கிவிடு, இழுத்தால் புள்ளியே பெயர்ந்து வரும்.