அட்ராசின் என்ற களைக்கொல்லி மக்காச்சோளத்தை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?

ஒரே காடு, ஒரே மருந்து. சாரணைக் களை கருகுகிறது, மக்காச்சோளம் பச்சையாக நிற்கிறது, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மக்காச்சோளத்துக்குள் மருந்து போவதே இல்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போகிறது. இரண்டுமே வேர் வழியாக உறிஞ்சுகின்றன. இலையில் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதத்தில் அட்ராசின் ஒட்டிக்கொண்டால் எலக்ட்ரான் ஓட்டம் நின்றுவிடும். வாங்கிய வெயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் செல்கள் சிதையும். அதனால்தான் களை முளைத்து வந்து, பிறகு அடியிலையின் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகுகிறது. அதே புரதம் மக்காச்சோளத்திலும் இருக்கிறது.

வித்தியாசம், மருந்தை முறிக்கும் வேகத்தில். மக்காச்சோளத்தில் குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி ஏராளம். அது அட்ராசினிலுள்ள குளோரினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குளூட்டாதயோனை மாட்டிவிடும். அப்புறம் அது டி1-இல் ஒட்டாது. சோளத்துக்கும் கரும்புக்கும் இந்தக் கொடுப்பினை உண்டு. உளுந்துக்குப் போதிய அளவு இல்லை. ஊடுபயிராகப் பயறு போட்டால் அட்ராசின் அடிக்காதீர்கள் என்பது இதனால்தான்.

களைகளிலும் கில்லாடிகள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செனீசியோ வல்காரிஸ் என்ற களை இவ்வகை மருந்துகளுக்கு அசையாதது 1970-இல் பதிவானது. இப்படி எதிர்ப்புப் பெற்ற களைகளில் பெரும்பாலும் டி1-இன் 264-ஆம் அமினோ அமிலம் செரினிலிருந்து கிளைசினாக மாறியிருக்கும். மருந்துக்குப் பிடிமானமே கிடைக்காது.

கோரைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மேலே கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து திரும்பக் கிளம்பிவிடும்.